ஏழாவது

மருதானையில், ரயில் நிலையத்துக்கு எதிரே,
போட்டோகொப்பி, லேமினேற்றிங் என்று பலகை தொங்கும் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
ஐந்து பேர். ஒரு சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லை.
துலான் பூட்டுத் திறப்பான்.
ரொஷேல் கூரையில் படுத்திருப்பாள்.
நிஹார் வான் ஓட்டுவான்; வெள்ளை வேண்டாம் என்று
முதல் நாளே நான் சொன்னதால்
அது பேக்கரி பெயர் எழுதிய பச்சை வான்.
பத்மசீலன் பேசுவதில்லை, அவன் வேலை அப்படி.
நான் முதலில் நடப்பேன்.
அவ்வளவுதான் என் வேலை.

பிறந்து மறுநாள் பி.சி.ஜி. போட வந்த தாதி
மூன்று ஊசி வளைத்தாளாம்.
"இப்ப வாற சாமான் ஒண்டும் சரியில்லை" என்று
நாலாவதை எடுக்காமலே அட்டையில் சரி போட்டாளாம்.
அந்த அட்டையில் தொடங்குகிறது
என்னைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் பொய்.

கதவு உடையும். உள்ளே போவேன்.
சுடுவார்கள். சுட்டு முடியும்வரை நிற்பேன்,
கல்யாண வாசலில் பன்னீருக்கு நிற்பது மாதிரி.
என் முதுகின் அகலத்துக்குள்
நால்வரும் ஒடுங்கி வருவார்கள்.
ஒன்பது வருடம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.
மேலிடம் இதைச் சாதனை என்கிறது.
நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்,
புளூமெண்டால் வீதி வரைக்கும்.

கொள்கலன் முற்றத்தில் கிரனேட் விற்க வந்தவன்
ஏழு தரம் சுட்டான்.
பிறகு நிஹார் டோர்ச் அடித்துப் பொறுக்கினான்.
மூன்று தகரத்தில், இரண்டு டயரில்,
ஒன்று என் சப்பாத்தடியில், சில்லறைக் காசு போலத் தட்டையாக.
"ஏழாவது கடலுக்குப் போயிருக்கும், மிஸ்" என்றான் துலான்.
கடல் மற்றப் பக்கம் இருந்தது.

இந்தப் பக்கம் மாடி வீடுகள்.
மூன்றாம் மாடியில் மெற்றில்டா என்றொரு பெண்,
விடிந்தால் பள்ளிக்கூடம் என்று
வெள்ளைச் சீருடைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள்.
அயன்பெட்டி சட்டையிலேயே கிடந்ததாம்.
பத்திரிகை எழுதியது: பாதாளக் குழு மோதல், ஒருவர் பலி.
மேலிடம் எழுதவே இல்லை.

என்னைத் துளைக்காத குண்டு
எங்காவது போகத்தானே வேண்டும்.
இந்தக் கணக்கை ஒருவரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.
நானும் கேட்கவில்லை.
இரவுக்குப் பத்தென்று வைத்தாலும், ஒன்பது வருடம்...
காலிமுகத்திடலில் இறால் வடையோடு நின்று
கூட்டத் தொடங்கினேன்.
காகம் வடையைக் கொண்டுபோனது தெரியவில்லை.

பேசாத பத்மசீலன் அன்றைக்குப் பேசினான்:
"நீங்க முன்னுக்கு நடக்காட்டி துலானுக்குப் படும்.
அவன்ர பிள்ளைக்கு நாற்பது நாளும் ஆகேல்லை."
அதுவும் சரி.
எல்லாரும் சொல்வது சரியாக இருக்கிறது,
அதுதான் நித்திரை இல்லை.

மூன்றாம் வாரம், கண்ணாடிக் கடை ஆள் என்று சொல்லி
அளவு நாடாவோடு அந்த மாடி ஏறினேன்.
யன்னல் ஓட்டைக்கு மேல்
போன வருடத்துக் கலண்டர் தாள் ஒட்டியிருந்தது.
"நான் ஒருத்தரையும் வரச் சொல்லேல்லையே" என்றார் அவர்.
"மாநகரசபை" என்றேன். "இலவசம்."
சிரித்தார். "மாநகரசபை குப்பையே எடுக்கிறேல்லை, பிள்ளை."
ஆனாலும் கதிரையை நகர்த்தித் தந்தார்.
ஒரு பெண்பிள்ளை, பதினொரு வயது இருக்கும்,
தன் சீருடைக்குத் தானே அயன் போட்டுக்கொண்டிருந்தாள்
யன்னலுக்கு முதுகு காட்டி.

தாளை உரித்தேன். ஓட்டையிலிருந்து கிளை கிளையாய் வெடிப்பு.
ஒரு சில்லு அசைந்தது, பிடித்தேன்.
"கவனம்!" என்று ஓடிவந்தார் அவர்,
"வெட்டிப்போடும்."

வெட்டவில்லை.
வெட்டுப்பட்டவள் மாதிரிக் கையை இழுத்து
விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.
அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
பிள்ளை பஞ்சு தேடி ஓடினாள்.

அந்த விரலில் இப்போது ஒரு பிளாஸ்ரர்.
உள்ளே ஒன்றுமில்லை. கழற்ற மனம் வரவில்லை.
போன் அதிர்கிறது:
இன்றிரவு, கிராண்ட்பாஸ், நெருக்கமான தோட்டம்.
நடப்பதா நிற்பதா, தெரியாது.
இரண்டடி நாலங்குலம், மூன்றடி.
யன்னலின் அளவை மட்டும்
எழுதி வைத்திருக்கிறேன்.